வெடிப்பின் மேல் பதித்த கல்

எங்கள் கண்மாய்க் கரையின் நடைபாதையைக் கெடுத்தவர் நடைப்பயிற்சிச் சங்கத்தின் தலைவர்தான். மழை கெடுத்தது என்று அவர் சொல்லிக்கொண்டு திரிகிறார். மழை அதன் வேலையைச் செய்தது. மண்ணும் அதன் வேலையைச் செய்தது. தெரியாமல் நடந்துவிட்டது என்று அவருக்காகப் பரிந்து பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். கோவில்பட்டியில் பிறந்து, கோவில்பட்டியில் ஜவுளிக்கடை வைத்து, கோவில்பட்டியில் மாடி வீடு கட்டிய மனுஷனுக்குக் கரிசல் மண் என்ன செய்யும் என்று தெரியாதாம். சின்னப் பிள்ளைகூட நம்பாது.

நானும் என் வீட்டுக்காரரும் ஊரின் ஓரத்தில் மாவு மில் வைத்திருக்கிறோம். மிளகாய், மல்லி, கம்பு, கேப்பை, இட்லி மாவு எல்லாம் அரைப்போம். அவர்தான் மூட்டையைத் தூக்குவார், பெல்ட்டை மாட்டுவார், அரவைக் கல் கொத்துவார். ஒரு நாள் காலையில் பெல்ட்டை மாட்டப் போனவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வாய் கோணிவிட்டது. இடது கையும் இடது காலும் விழுந்துவிட்டன. ஆஸ்பத்திரியில் கிடந்து, வீட்டுக்கு வந்து, கைத்தடி பிடித்து எழுந்து நிற்கவே பல மாதம் ஆனது. பிசியோதெரபி சொல்லிக்கொடுக்க வந்த பெண் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். நடக்க வேண்டும், தினமும் நடக்க வேண்டும், வண்டி வராத சமதளமான இடத்தில் நடக்க வேண்டும். நடையை விட்டால் கால் அப்படியே நின்றுபோகும்.

வண்டி வராத சமதளம் எங்கள் ஊரில் எங்கே இருக்கிறது? எங்கள் தெருவில் சாக்கடைக்கு மூடி கிடையாது. வீட்டுக்கு ஒரு வேகத்தடை போட்டு வைத்திருக்கிறார்கள். முழங்கை அகலத்துக்கு இடம் கிடைத்தால் போதும், பைக்கை உள்ளே விடுவான். இடது காலை இழுத்து இழுத்து நடக்கிற ஆளை அந்தத் தெருவில் விட்டால் ஒரு வாரத்தில் மறுபடி ஆஸ்பத்திரிதான்.

மிச்சம் இருந்தது கண்மாய்க் கரை ஒன்றுதான். அப்போது அது பாதை இல்லை. சீமைக்கருவேல முள் இரண்டு பக்கமும் மண்டி, நடுவில் ஆடு போகிற அளவுக்குத் தடம் இருந்தது. கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கும் பாய் ஒருத்தர் தினமும் விடியற்காலை பஜ்ர் தொழுகை முடிந்து அதில் நடப்பார். சர்க்கரை நோய் அவருக்கு. கையில் ஒரு சின்ன அரிவாள் வைத்திருப்பார். போகிற வழியில் நீட்டிக்கொண்டிருக்கும் முள்ளை வெட்டிவிட்டே போவார். நான் அவரிடம் போய், என் வீட்டுக்காரர் நடப்பதற்கு இந்தத் தடத்தைக் கொஞ்சம் அகலமாக்க முடியுமா என்று கேட்டேன். பாய் அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரிய அரிவாளும் கவைக்கம்பும் கொண்டு வந்தார்.

அப்படித்தான் அந்தப் பாதை உண்டானது. கூட்டம் போடவில்லை. பெயர் வைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறவர்கள் வருவார்கள். ஒருத்தர் வெட்டுவார், இன்னொருத்தர் கவைக்கம்பால் முள்ளைத் தள்ளிப் பள்ளத்தில் போடுவார். காட்டுக்கு வேலைக்குப் போகிற பெண்கள் நின்று ஒரு கை கொடுத்துவிட்டுப் போவார்கள். விறகுக்கு ஆகும் என்று கட்டையைத் தூக்கிக்கொள்வார்கள். எனக்குப் பழைய சோறு கொண்டுபோவதுதான் வேலை என்று நினைத்தவர்கள் என்னை அரிவாளும் கையுமாகத்தான் பார்த்தார்கள்.

முள்ளை வெட்டினால் போதாது. கரிசல் மண் கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். ஆட்டின் கால் உள்ளே போய்ச் சிக்கிக்கொள்ளும். மழை விழுந்தால் அதே மண் உப்பும், களியாகிச் செருப்பைப் பிடுங்கும். மேலே சின்னக் கல் கலந்த சரள் மண் போட்டால்தான் கால் ஊன்ற முடியும். பாய்க்குத் தெரிந்த ஒருத்தர் கயத்தாறுப் பக்கமிருந்து டிராக்டரில் சரள் கொண்டுவந்து தட்டினார். முதல் வருசம் வைகாசியில் தட்டினோம். அவ்வளவும் வெடிப்புக்குள் போய்விட்டது. மண் வாயைத் திறந்து வைத்திருக்கும்போது எதைப் போட்டாலும் விழுங்கத்தான் செய்யும். அடுத்த வருசம் பொறுத்தோம். ஐப்பசியில் இரண்டு நல்ல மழை விழுந்து, வெடிப்பு மூடி, மண் உப்பி அடங்கிய பிறகு மேல் மண்ணை வழித்தெடுத்துவிட்டுச் சரளைப் பரப்பினோம். தண்ணீர் தெளித்துத் திமிசுக்கட்டையால் இடித்தோம். அதற்குப் பிறகு வந்த கோடையில் லேசாகக் கீறல் விட்டது. அங்கங்கே ஒரு கூடை அள்ளிப் போட்டால் சரியாகிவிட்டது. இதில் பெரிய சூத்திரம் ஒன்றுமில்லை. இந்த மண்ணில் வீடு கட்டுகிற எவனுக்கும் தெரிந்ததுதான்.

என் வீட்டுக்காரர் அந்தச் சரளில்தான் நடக்கப் பழகினார். ஆரம்பத்தில் அவர் நடந்துபோன இடத்தில் இடது கால் இழுத்த கோடு நீளமாக இருக்கும், பாம்பு போன தடம் மாதிரி. சில மாதம் கழித்துக் கோடு அறுந்து அறுந்து விழ ஆரம்பித்தது. அப்படியென்றால் காலைத் தூக்கி வைக்கிறார் என்று அர்த்தம். பாய் குனிந்து பார்த்துவிட்டு, "இன்னைக்குக் கோடு கொறஞ்சிருக்கு முதலாளி" என்பார். மாவு மில்லுக்காரரை முதலாளி என்று கூப்பிடுவது பாயின் கேலி. வாய் சரியாக வராவிட்டாலும் என் வீட்டுக்காரர் சிரிப்பார்.

அதற்குள் சங்கம் வந்து சேர்ந்தது.

பாதை நன்றாகக் கிடப்பதைக் கேள்விப்பட்டு டவுனுக்குள்ளிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். வரட்டும், பொதுப் பாதைதான். ஆனால் நடக்க வருகிறவன் காரில் வருவான். கரைக்குக் கீழே காரை நிறுத்திவிட்டு ஏறி வந்து, கையை முன்னும் பின்னும் வீசி, நாலு பேர் பார்த்தார்களா என்று பார்த்துவிட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு இறங்குவான். ஒரே நிறத்தில் பனியன் அடித்தார்கள். சங்கத்தின் பெயர் முதுகில் இருந்தது. தலைவர், செயலாளர், பொருளாளர், துணைத்தலைவர் மட்டும் இரண்டு பேர். ஞாயிற்றுக்கிழமை முள் வெட்ட வாருங்கள் என்று கூப்பிட்டால் ஒருத்தரையும் காணோம். ஞாயிற்றுக்கிழமைதான் யாருக்காவது பிறந்தநாள் கேக் வெட்டுவார்கள். மடையின் மேல் கேக்கை வைத்து வெட்டி, ஒருத்தர் மூஞ்சியில் ஒருத்தர் பூசி, பேப்பர் தட்டைக் கண்மாய்க்குள் போட்டுவிட்டுப் போவார்கள். கேக்கு வெட்டுகிற கத்தியையாவது கொடுத்துவிட்டுப் போங்கள், முள் வெட்ட ஆகும் என்று ஒரு நாள் கேட்டேன். சிரித்தார்கள். ஜோக் அடிக்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள்.

தலைவருக்கு அறுபது வயது ஆகப் போகிறது என்பது அப்போதுதான் ஊருக்குத் தெரிந்தது. சித்திரையில் அறுபதாம் கல்யாணம். அதே நாளில் கரையில் பேவர் பிளாக் கல் பதித்த நடைபாதையும், பெயர் எழுதின வளைவும் திறக்கப்போவதாக அறிவித்தார். செலவு அவருடையதும் சங்கத்து ஆட்களுடையதும். எங்கெங்கேயோ அலைந்து அனுமதியும் வாங்கிவிட்டார். அதையெல்லாம் நான் குறை சொல்லவில்லை. அவர் ஒரு பைசா தின்னவும் இல்லை. தின்றிருந்தால் திருடன் என்று சொல்லிவிட்டுப் போயிருப்பேன். திருடனுக்காவது ஒரு லாபம் இருக்கிறது. இவர் கைக்காசைப் போட்டு ஊர்ப் பாதையை நாசம் பண்ணினார்.

வேலை பங்குனியில் ஆரம்பித்தது. வெயிலில் கரை முழுக்க வெடிக்கத் தொடங்கியிருந்தது. எங்கள் சரளை ஜேசிபி வைத்து வழித்துக் கரைச் சரிவில் தள்ளினார்கள். அடியில் கரிசல் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. அதன்மேல் கொஞ்சம் எம்-சாண்டைத் தூவிக் கல்லை அடுக்கத் தொடங்கினார்கள். நானும் பாயும் ஓடிப் போனோம். தலைவர் குடை பிடித்துக்கொண்டு நின்றார்.

"அண்ணாச்சி, மண்ணு வெடிச்சுக் கெடக்கு. ஐப்பசியில ரெண்டு மழ விழுந்து மூடட்டும், பெறகு பதிங்க" என்றேன்.

அவர் காலால் தரையை ஒரு மிதி மிதித்துக் காட்டினார். "கல்லு மாதிரி கெடக்கு பாரும்மா. லாரியே போவும்."

"இப்ப கல்லுதான். மழ விழுந்தா மாவுல்லா. ஒங்க வீட்டுக்கு மட்டும் ஆளுயரம் தோண்டிச் சரளும் மணலும் கொட்டினீங்களே, அது எதுக்கு?"

அது உண்மை. அவர் வீடு கட்டியபோது கரிசலை அள்ளிக்கொண்டு போன லாரிகளும், சரள் கொண்டுவந்த லாரிகளும் எங்கள் மில் வாசல் வழியாகத்தான் போயின. புழுதி மாவில் விழுகிறது என்று நானே சண்டை போட்டிருக்கிறேன்.

தலைவர் பக்கத்தில் நின்ற பொருளாளரைப் பார்த்துச் சிரித்தார். "வீடு வேற, பாத வேற. பாதையில என்ன மாடியா கட்டப் போறோம்?"

பாய் மெதுவாகத்தான் கேட்டார். "மாடி கட்டலன்னா என்ன அண்ணாச்சி, மனுசங்க நடக்கப் போறாங்கல்லா."

"திறப்பு விழாவுக்கு வாங்க பாய், மொத வரிசையில சீட்டு போடச் சொல்லுதேன்" என்றார் தலைவர். அதோடு பேச்சு முடிந்தது.

திறப்பு விழா நடந்தது. மேளம், மாலை, ரிப்பன் எல்லாம் உண்டு. கடம்பூர் போளி ஆளுக்கொரு பொட்டலம். வளைவில் தலைவர் பெயர், அவர் அப்பா பெயர், அவர் கடையின் பெயர் மூன்றும் இருந்தன. நடப்பதைப் பற்றி வளைவில் ஒரு வார்த்தை இல்லை. பாதை வளைவிலிருந்து மடை வரைக்கும்தான் வந்திருந்தது. மடைக்கு மேற்கே, கண்மாய் நிறைந்தால் தண்ணீர் வழிகிற மறுகால் வரைக்கும் பழைய சரள் அப்படியே கிடந்தது. நேரம் போதவில்லை என்றார்கள். அவர்களுக்கு நேரம் போதாமல் போனது எங்கள் நல்ல காலம்.

கோடை முழுக்கக் கல் அழகாகத்தான் இருந்தது. சிவப்பும் மஞ்சளுமாகக் கட்டம் கட்டமாக. என் வீட்டுக்காரருக்கும் பிடித்திருந்தது. நான் திட்டும்போதெல்லாம், "நல்லாத்தான இருக்கு, நீ எதுக்குட்டி கெடந்து கத்துத" என்பார். நான் வாயை மூடிக்கொண்டேன். அவர் நடந்தால் சரி.

ஐப்பசியில் மழை விழுந்தது. முதல் மழைத் தண்ணீர் கல்லின் இடுக்கு வழியாக இறங்கி வெடிப்புக்குள் போனது. இரண்டாவது மழைக்கு மண் உப்பியது. மூன்று நாள் கழித்துப் போய்ப் பார்த்தால் பாதை பொரித்த அப்பளம் மாதிரி இருந்தது. ஓர் இடத்தில் கல் மேலே தள்ளிக்கொண்டு நின்றது, அடுத்த இடத்தில் உள்ளே இறங்கிக் கிடந்தது. ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் நடுவே விரல் கனத்துக்கு மேடு. நல்ல கால் உள்ளவன் அதைக் கவனிக்கக்கூட மாட்டான். காலை இழுத்து நடக்கிறவனுக்கு அந்த விரல் கனம் போதும்.

இன்றைக்கு வேண்டாம், திரும்பிவிடுவோம் என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன். வளைவுக்குப் பக்கத்தில்தான் நின்றோம். அவர் ஓர் எட்டு எடுத்து வைத்தார். இடது கால் விரல் கல்லின் விளிம்பில் மாட்டியது. கைத்தடி ஒரு பக்கம் போக, அவர் முகம் குப்புற விழுந்தார். நல்ல கையால் ஊன்றியிருந்தால் கை முறிந்திருக்கும். ஊன்றக்கூட அவருக்கு நேரம் இல்லை. புருவம் கிழிந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. பாய்தான் ஓடிவந்து கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினார். பனியன் போட்ட ஒருத்தன் நின்று, "பாத்து நடக்கக் கூடாதா பெருசு" என்றான். நான் அவனைச் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

புருவத்தில் தையல் போட்டார்கள். அது ஆறிவிட்டது. ஆறாதது வேறொன்று. அதற்குப் பிறகு அவர் வாசல்படி தாண்ட மறுத்துவிட்டார். கூப்பிட்டால் சுவரைப் பார்ப்பார். ஒரு நாள் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தபோது மில்லை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார். நிறுத்தினேன். வாய் குழறக் குழறச் சொன்னார்.

"ஏட்டி, நான் இனி வீட்டுக்குள்ளயே நடந்துக்கிடுதேன். ஒனக்கும் வேலை கெடாது."

முப்பது வருசமாக மூட்டை தூக்கின ஆள். மில்லின் நீளம் அவருடைய பழைய நடையில் ஏழெட்டுத் தப்படி இருக்கும். அதற்குள் நடந்துகொள்கிறாராம். பிசியோதெரபிப் பெண் வந்து காலைப் பிடித்துப் பார்த்துவிட்டு, மடங்க ஆரம்பித்திருக்கிறது என்றாள். தூக்கி வைக்கப் பழகின கால் திரும்பவும் கோடு போட ஆரம்பித்திருந்தது, இந்த முறை சிமெண்டுத் தரையில்.

தலைவரிடம் போனேன். கடையில் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். விழுந்ததற்கு வருத்தப்பட்டார். வருத்தப்படுவதில் அவர் கெட்டிக்காரர். ஒரு வேட்டியை எடுத்து, "மச்சானுக்குக் குடும்மா" என்று நீட்டினார். வேட்டி வேண்டாம், கல்லைப் பேர்த்துவிட்டு எங்கள் சரளைத் திரும்பப் போடுங்கள் என்றேன். அறுபதாம் கல்யாணத்துக்குத் திறந்ததைப் பேர்த்தால் அபசகுனமாம். அந்த வார்த்தையைச் சொல்ல அவருக்குக் கூசவில்லை. இரண்டு நாளில் சங்கத்து ஆட்கள் ஒரு வேலை செய்தார்கள். பாதையைச் சரி செய்தார்கள் என்று நினைக்க வேண்டாம். வளைவுக்குக் கீழே ஒரு போர்டு வைத்தார்கள். முதியோரும் உடல்நலமில்லாதோரும் தங்கள் சொந்தப் பொறுப்பில் நடக்கவும் என்று அதில் எழுதியிருந்தது. நடைப்பயிற்சிச் சங்கம் நடக்க முடியாதவனுக்கு வைத்த போர்டு. சங்கத்து வாட்ஸ்அப்பில் தலைவர் பேசின ஆடியோவை ஒருத்தர் எனக்குப் போட்டுக் காட்டினார். ஊர் முன்னேறுவது சில பேருக்குப் பிடிக்காது, அவிய அப்படித்தான் பேசுவாக என்று அதில் சொல்லியிருந்தார்.

நான் மேற்குக் கரைக்குப் போனேன். மடையைத் தாண்டி மறுகால் வரைக்கும் இருந்த பழைய சரளில் முள் மறுபடி நீட்டிக்கொண்டிருந்தது. நானும் பாயும் நாலைந்து ஞாயிற்றுக்கிழமை வெட்டினோம். ஜேசிபி சரிவில் தள்ளின சரளைக் கூடையில் அள்ளிக்கொண்டு வந்து பள்ளங்களில் போட்டோம். கரைக்குக் கீழே தரிசாகக் கிடக்கும் கரம்பையில் வண்டிப்பாதை உண்டு. அது வழியாக ஆட்டோவில் மறுகால் பக்கம் போய் இறங்கினால் பேவர் கல்லை மிதிக்காமல் மேலே ஏறலாம். என் வீட்டுக்காரரை வரச் சொன்னேன். வரமாட்டேன் என்றார். பாய் வீட்டுக்குள் வந்து கட்டிலில் உட்கார்ந்தார்.

"முதலாளி, நான் ஒத்தையில நடந்தா நாய் வெரட்டுது. நீங்க கம்போட வந்தா ஒதுங்கிப் போவும்."

"அப்ப நான் நாய்க்குக் காவலா" என்றார் என் வீட்டுக்காரர்.

"பின்ன, நடக்கவா கூப்பிடுதோம்?"

அவர் சிரித்துவிட்டார். விழுந்ததற்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்தார். மறுநாள் ஆட்டோவில் ஏறினார். முதல் நாள் என் தோளைப் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது. பல வாரம் அப்படியே போனது. பிறகு தோளை விட்டார். இந்தத் தை மாதத்தில் மறுகாலிலிருந்து மடை வரைக்கும் கைத்தடியோடு தனியாக நடந்து, மடையில் உட்கார்ந்து இளைப்பாறி, தனியாகத் திரும்பி வந்தார். நான் பின்னால் வந்தேன். வேண்டுமென்றே தூரமாகத்தான் வந்தேன்.

அவருக்கு இருப்பது அந்த மேற்குக் கரை ஒன்றுதான். அவருக்கு மட்டும் இல்லை. கல் பதித்த கிழக்குக் கரையில் நடக்கப் பயந்த கர்ப்பிணிப் பெண்களும், முழங்கால் வலிக்காரர்களும், கண் மங்கினவர்களும் இப்போது அங்கேதான் வருகிறார்கள். பனியன்காரர்களிலும் சிலர் காரைச் சுற்றி ஓட்டிக்கொண்டு அந்தப் பக்கம்தான் வந்து நடக்கிறார்கள். வெட்கமில்லாமல், "இங்கன நல்லா இருக்குல்லா" என்று எங்களிடமே சொல்கிறார்கள்.

போன வாரம் மறுகால் பக்கத்தில் ஒரு பிளக்ஸ் கட்டியிருந்தது. நடைபாதையின் இரண்டாம் கட்டப் பணி. சங்கத்தின் ஆண்டு விழாவன்று திறப்பு. ஆண்டு விழா வைகாசியில் வருகிறது. பிளக்ஸில் தலைவர் கும்பிட்டபடி நிற்கிறார். அவர் காலுக்குக் கீழே கட்டம் கட்டமாகச் சிவப்பும் மஞ்சளும். கல் வந்து இறங்கிவிட்டது. மண் இப்போதே வெடிக்கத் தொடங்கிவிட்டது. என் வீட்டுக்காரர் பிளக்ஸைப் பார்த்தார். அன்றைக்கு மடை வரைக்கும் போகாமல் பாதியில் திரும்பிவிட்டார். அந்தப் பாதித் தூரத்தை நான் மறக்க மாட்டேன்.

பொதுப் பாதைக்கு உதவி செய்கிறேன் என்று வருகிற பெரிய மனிதர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பாதைக்கு வேண்டியது வளைவு கிடையாது. வருசா வருசம் முள் வெட்ட ஒரு கை வேண்டும். மழை முடிந்து நாலு கூடை சரள் வேண்டும். விழா முடிந்த பிறகும் வந்து நிற்கிற ஆள் வேண்டும். அது முடியாதென்றால் வீட்டில் இருங்கள். நீங்கள் வராமல் இருப்பதே எங்களுக்குப் பெரிய உதவி.

சங்கத் தலைவரை இப்போது கேட்கிறேன். அவர் கடைக்குள் வைத்துச் சொல்லும் பதில் எனக்கு வேண்டாம். வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புகிற பதிலும் வேண்டாம். மேற்குக் கரையில் முதல் ஜேசிபி ஏறுவதற்கு முன்னால், காலையில் ஆட்கள் நடக்கிற நேரத்தில், அவர் கரைமேல் வந்து நிற்க வேண்டும். என் வீட்டுக்காரர் அங்கே இருப்பார். கால் இழுக்கிறவர்கள், கண் தெரியாதவர்கள், பிள்ளையைச் சுமக்கிறவர்கள் எல்லாரும் இருப்பார்கள். ஐப்பசி மழை வரைக்கும் பொறுப்பீர்களா, மாட்டீர்களா? பொறுக்க மாட்டீர்கள் என்றால், இந்த ஐப்பசிக்குப் பிறகு இவர்கள் எங்கே நடக்க வேண்டும்? அத்தனை பேர் காதிலும் விழும்படி, சத்தமாகப் பதில் சொல்லுங்கள்.